சமுத்திரம் ஏரியும் வங்கக் கரையும்: மலையடிவாரத்திலிருந்து ஓர் இயற்கை உலா

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குத் தெற்கே, செங்கம் சாலையைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால் எதிர்ப்படும் பெரிய ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயர். கடலைப் பார்த்தறியாத அரசி ஒருத்திக்கு அது எப்படியிருக்கும் என்று காட்டுவதற்காகக் குறுநில மன்னன் ஒருவன் வெட்டுவித்த ஏரி இது என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. அக்கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை எனினும், நல்ல மழை பெய்த ஆண்டின் தை மாதக் காலையில் ஏரிக்கரைமேல் நின்று பார்ப்போருக்கு அப்பெயர் மிகையாகத் தோன்றாது. உண்மையான சமுத்திரமோ கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், மரக்காணத்திலும் புதுச்சேரியிலும் கரையைத் தொடுகிறது. மலையடிவாரத்தில் சில நாள் தங்குவோர், இடையில் ஓரிரு நாளைக் கடற்கரைக்கு ஒதுக்கி, நடை, பறவை நோக்கல், அலைவாய்க்கரை உயிர்களைக் காணல் ஆகியவற்றை ஒரே பயணத்தில் இணைத்துக்கொள்வது எளிது. அதற்கான குறிப்புகளே இவ்வத்தியாயத்தின் பொருள்.

நாளும் நிலவும்

இப்பயணத்தைத் திட்டமிடுவோர் விடுமுறை நாட்காட்டியைவிட மழையின் நாட்காட்டியை நம்புவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழைதான் மலைச்சரிவின் ஓடைகளையும் ஊரைச் சூழ்ந்த ஏரிகளையும் கரையோர உவர்நீர்ப் பரப்புகளையும் ஒருசேர நிரப்புகிறது. அந்த நீரைத் தேடியே வலசைப் பறவைகள், அதாவது குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து தங்கிக் கோடையின் தொடக்கத்தில் திரும்பிச் செல்லும் பறவைகள், இங்கே இறங்குகின்றன. ஆகவே மார்கழியின் நடுப்பகுதி முதல் மாசி முடிய உள்ள காலமே மலைக்கும் ஏரிக்கும் கடற்கரைக்கும் ஒருங்கே பொருந்துவது. பங்குனிக்குப் பின் ஏரி சுருங்கிவிடும், மலையின் புல் காய்ந்துவிடும், நண்பகல் வெயில் 40 பாகை செல்சியஸை எட்டும். பள்ளி விடுமுறையைக் கருதிச் சித்திரையிலும் வைகாசியிலும் வருவோருக்குக் கடற்குளியல் கிடைக்கும், பறவைகள் கிடைக்கமாட்டா.

மலையை நடந்து வலம்வரும் கிரிவலத்துக்கு வருவோர் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டியே வருகின்றனர் என்பதால் நிலவைப் பற்றியும் ஒரு சொல் தேவை. 14 கிலோமீட்டர் வலப்பாதை முழுவதும் விடிய விடிய மக்கள் நடக்கும் அந்த இரவில் காட்டுயிர்கள் மலையின் உட்புறத்துக்கு ஒதுங்கிவிடுவதால், அன்றும் மறுநாள் காலையும் மலையில் எதையும் காண எதிர்பார்ப்பது வீண். ஆனால் கடற்கரையில் நிலைமை நேர்மாறானது. பழந்தமிழ் முழுநிலவையும் அமாவாசையையும் உவா என்னும் ஒரே சொல்லால் குறித்தது. கதிரவனும் நிலவும் பூமியும் ஒரே நேர்க்கோட்டில் அமையும் இவ்விரு நாட்களிலும் கடல்மீது ஈர்ப்பு கூடுவதால், அவற்றை அடுத்த ஓரிரு நாட்களில் ஏற்றம் மிக உயர்ந்தும் வற்றம் மிகத் தாழ்ந்தும் அமைகின்றன. சோழமண்டலக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் அப்போதும் ஒரு மீட்டர் அளவுதான். குஜராத்தின் கடற்கரைகளைப் போல் கடல் கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் பின்வாங்குவதில்லை. எனினும் வழக்கமாக நீருக்குள் இருக்கும் ஈரமணல் சில அடி அகலத்துக்கு வெளிப்படுவதே நண்டுகளையும் மட்டிகளையும் அவற்றைக் கொத்த வரும் உள்ளான்களையும் காணப் போதுமானது. பௌர்ணமி இரவில் கிரிவலம் முடித்து, ஒரு பகல் ஓய்ந்து, அதற்கடுத்த நாள் கடற்கரைக்குச் செல்வோர் ஒரே நிலவின் பயனை இரு இடங்களில் பெறுகின்றனர்.

மலைப்பாதை

அருணாசலமலை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுடையது. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வூர் வந்த ரமண மகரிஷி விரூபாட்சக் குகையிலும், 1916 முதல் 1922 வரை அதற்கு மேலுள்ள கந்தாசிரமத்திலும் தங்கியவர். இன்றைய ஆசிரமத்தின் பின்வாயிலிலிருந்து கந்தாசிரமத்துக்குச் செல்லும் கல் பாவிய பாதையே புதியவர்களுக்கு உரிய நடை. நின்று நின்று ஏறுவோருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் இப்பாதையில் நிழலும் உண்டு, மேலே சுனைநீரும் உண்டு, கோயிலின் கோபுரங்கள் நான்கு திசையிலும் எழுந்து நிற்கும் காட்சியும் உண்டு. காலை வெயில் ஏறுமுன் புறப்படுவதே முறை. பாதையிலிருந்து விலகிக் காட்டுக்குள் இறங்குவதும், உச்சிக்கு ஏறுவதும், மலையைச் சுற்றிய உள்வழியில் நடப்பதும் வனத்துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை; அனுமதி நிலவரம் காலந்தோறும் மாறுவதால், அங்கங்கே கிடைக்கும் வழிகாட்டிகளின் வாய்மொழியை நம்பாமல் வனத்துறையிடமே கேட்டறிய வேண்டும். இதை வெறும் அலுவலகக் கெடுபிடியாக எண்ணுவோர் 2024ஐ நினைவிற்கொள்வது நல்லது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அதே புயலின் மழையால் மறுநாள் டிசம்பர் 1 அன்று இம்மலையின் சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மீது விழ, குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு கார்த்திகைத் தீபத்தன்று பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கடலில் பிறந்த புயல் நூறு கிலோமீட்டர் உள்ளே வந்து மலையை அசைத்தது என்பது, கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் ஓடைகளையும் பாறைச்சரிவுகளையும் விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதற்குப் போதிய காரணம்.

மலையில் இன்று காணப்படும் பசுமை பெரும்பாலும் ஒரு தலைமுறைக்குள் வளர்க்கப்பட்டது. மேய்ச்சலும் விறகு வெட்டலும் ஆண்டுதோறும் மூளும் தீயும் மலையை மொட்டையாக்கியிருந்த நிலையில், 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகளும் ஊர்மக்களும் வனத்துறையும் கன்றுகளை நட்டு, கோடையில் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடுகளை, அதாவது தீ தாண்டிப் பரவாதவாறு வெறுமையாக்கப்பட்ட பட்டைகளை, அமைத்து வந்தனர். இங்கு மீட்க முயலும் காட்டுவகைக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருந்தும் இலையுதிர்க்காத, சிறிய தடித்த இலைகளையுடைய காசா, வீரை, பாலை, கருங்காலி போன்ற மரங்களால் ஆன இக்காடு சோழமண்டலக் கரைக்கும் அதை ஒட்டிய குன்றுகளுக்கும் உரியது. உலகில் மிகக் குறைந்த பரப்பே எஞ்சியுள்ளது. அதன் பழைய துண்டுகளைக் காண விரும்புவோர் கடற்கரைக்குச் செல்லும்போது, புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கீழ்புத்துப்பட்டில் உள்ள மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சூழ்ந்த தோப்பைப் பார்க்கலாம். சாமிக்கு அஞ்சி யாரும் கிளை ஒடிக்காததால் நிலைத்த காடு அது. மலையில் நடப்பட்ட இளமரங்கள் முதிர்ந்தால் எப்படியிருக்கும் என்பதை அங்கே முன்கூட்டியே காணலாம்.

விலங்குகளில் எளிதாகத் தென்படுபவை புள்ளிமானும் நாட்டுக்குரங்கும் மயிலுமே. புள்ளிமான்கள் மாலையில் வலப்பாதையின் மேற்குப் புறத்தில் வேலிக்கு அப்பால் மேயும். ஊர்நாய்கள் துரத்துவதால் அவை அஞ்சியே வாழ்கின்றன, ஆகவே நாயுடன் நடக்கச் செல்வோர் அதைக் கட்டியே அழைத்துச் செல்ல வேண்டும். முள்ளம்பன்றியையும் மரநாயையும் காண்பது அரிது. உதிர்ந்த முள்ளும் எச்சமுமே அவற்றின் இருப்பைச் சொல்லும். மயில்கள் ஆசிரம வளாகத்திலேயே ஓடுகளின்மேல் உலவுகின்றன. ஆண்மயிலின் தோகை ஆண்டுக்கொருமுறை உதிர்ந்து மீண்டும் வளர்வதாகையால், எல்லா மாதத்திலும் முழுத்தோகையை எதிர்பார்க்க இயலாது. பசு லட்சுமிக்கும் மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் சமாதி எழுப்பப்பட்ட வளாகம் இது என்பதால் விலங்குகளுக்கு உணவளிப்பதே பக்தி என்று கருதும் பார்வையாளர் பலர் உளர். ஆனால் பிஸ்கட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் பழகிய குரங்கு அடுத்து வருபவரின் பையைப் பறிக்கவே கற்றுக்கொள்கிறது, கடித்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடவேண்டி வருகிறது. உணவைப் பைக்குள் மூடி வைப்பதும், குரங்கின் கண்ணை நேராக உற்றுநோக்காமல் விலகி நடப்பதும் போதும்.

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அடிவாரப் புதரிலிருந்து இரட்டைச் சீழ்க்கை கேட்டால் அது ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், செம்மை எனப் பல நிறங்களை ஒரு கைப்பிடி உடலில் கொண்ட இப்பறவை இமயமலை அடிவாரங்களிலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வந்து சேர்கிறது. இரவில் பறந்து வந்த களைப்பில் வீட்டு முற்றங்களில் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்போது ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டில் சில மணி நேரம் விட்டுவைத்தால் தானே தெளிந்து பறந்துவிடும்.

பாம்புகளைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது, எச்சரிக்கை தேவையானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே இப்பகுதியில் உயிருக்கு ஆபத்தான கடிகளுக்குப் பெரிதும் காரணமானவை. விடியலிலும் அந்திக்குப் பின்னும் கைவிளக்கும் மூடிய காலணியும் இன்றி நடத்தல் கூடாது. கடிபட்டால் இறுகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் தீங்கையே கூட்டும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 108 அவசர ஊர்தியில் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதே வழி.

ஏரிக்கரையில் ஒரு காலை

சமுத்திரம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்பதை ஊராரிடம் கேட்கும்போது, ஏரி கோடி போய்விட்டதா என்று கேட்க வேண்டும். நிரம்பிய ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் இடத்துக்குக் கோடி அல்லது கலங்கல் என்று பெயர், அதில் நீர் வழிவதையே கோடி போதல் என்பர். வியப்பூட்டும் செய்தி, கோடி போன உடனே பறவைகள் மிகுவதில்லை என்பது. நீர் ஆழமாக இருக்கும்போது முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மட்டுமே வசதியாக இரை தேடும். சில வாரங்கள் கழித்து நீர் இறங்கி ஓரங்களில் சேறு தெரியத் தொடங்கும்போதுதான் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பவளக்கால் உள்ளான், பலவகைச் சிறு உள்ளான்கள் யாவும் கூடுகின்றன. ஒவ்வொன்றின் காலின் நீளமும் அலகின் வடிவும் அது நிற்கும் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. அலகின் இரு பாதிகளும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும் நத்தைகுத்தி நாரை, நத்தையின் ஓட்டை உடைக்காமலே அதன் சதையை வெட்டியெடுக்கும் முறை சற்றுப் பொறுமையாக அமர்ந்திருப்போருக்குக் காணக்கிடைக்கும்.

கரையின் மேற்குப் பக்கம் சாய்வெயில் விழும் காலை 6 முதல் 8 மணி வரையே சிறந்த நேரம். கதிரவன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு இடம் தேர்ந்துகொண்டால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண்நோக்கி ஒன்று போதுமானது. ஆள்காட்டிக் குருவி தன் பெயருக்கேற்ப அலறத் தொடங்கினால் அதன் கூடு அருகில், வெறுந்தரையில், கூழாங்கற்களோடு கற்களாக முட்டையாய்க் கிடக்கிறது என்று பொருள். உடனே பின்வாங்கி வந்த வழியே திரும்புவதே நாகரிகம். ஏரி மீன்பிடிக் குத்தகைக்கும் பாசனத்துக்கும் உரியது என்பதால், வலை விரிப்போரும் மாடு கழுவுவோரும் அங்கே இருப்பது இடையூறன்று. பறவைகள் அவர்களுக்குப் பழகியவை, வண்ணச் சட்டையணிந்து ஓடிவரும் புதியவர்களுக்கே பறக்கின்றன.

கிழக்கு நோக்கிய சாலை

கடற்கரைக்குச் செல்லும் சாலை செஞ்சி வழியாகத் திண்டிவனம் சென்று, அங்கிருந்து மரக்காணத்துக்கோ புதுச்சேரிக்கோ பிரிகிறது. பேருந்தில் புதுச்சேரிக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். செஞ்சியின் பாறைக்குன்றுகளில் கோட்டையைப் பார்ப்போர் வெயிலுக்கு முன் ஏறி இறங்க வேண்டும். வண்டி வைத்திருப்போர் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குச் சற்றே விலகிச் செல்லலாம்: ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் புதைந்த மரங்களின் திசுக்களில் சிலிக்கா என்னும் மணற்சத்து ஊறிக் கல்லாகிக் கிடக்கும் அடிமரங்கள் அங்கே திறந்த வெளியில் காணக்கிடைக்கின்றன. துண்டு ஒன்றைக்கூட எடுத்து வருவது குற்றம். எதிர்த்திசையில், தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958இல் முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையும் அங்குள்ள முதலைப் பண்ணையும் குழந்தைகளோடு வருவோருக்கு அரைநாள் பொழுதுபோக்கு, அதற்குமேல் இல்லை.

கழுவெளியும் உப்பளமும்

மரக்காணத்துக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள கழுவெளியே இப்பயணத்தின் மிகச் சிறந்த பகுதி. புதுச்சேரிக் கடற்கரைக்காக இதைத் தவறவிடுவோர் இழப்பது மிகுதி. கடலிலிருந்து உப்பங்கழி வழியாக ஏறிவரும் உவர்நீரும் மேற்கிலிருந்து ஏரிகளின் கோடிநீராக இறங்கிவரும் நன்னீரும் கலக்கும் ஆழமற்ற பரப்பு இது. பழவேற்காட்டுக்கு அடுத்துத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியாகக் கருதப்படுகிறது. எடையந்திட்டுக் கழிமுகம், அதாவது கடலும் உள்நீரும் சந்திக்கும் வாய், இதனை வங்கக் கடலுடன் இணைக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 5,151 ஹெக்டேர் பரப்பை உள்ளடக்கி இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது ராம்சார் தலங்களின் பட்டியலில், அதாவது 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்தவையாக ஏற்கப்பட்ட ஈரநிலங்களின் வரிசையில், சேர்ந்தது.

கழுவெளியின் சிறப்பு உப்பின் அளவு மாறிக்கொண்டே இருப்பதில் உள்ளது. மழைக்குப் பின் நன்னீர் ஓங்கும்போது வாத்துகளும் கூழைக்கடாக்களும் மிகுதி. தை, மாசியில் நீர் வற்றி உவர்ப்பு ஏறும்போது சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் ஆலாக்களும் பூநாரைகளும் வருகின்றன. தலையை நீருக்குள் தலைகீழாக ஆழ்த்தி, வளைந்த அலகால் சேற்றுநீரை வடிகட்டி உண்ணும் பூநாரையின் இளஞ்சிவப்பு அது உண்ணும் நுண்ணுயிர்களிலிருந்து வருவது. ஆகவே குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே இருக்கும். கூட்டத்தை நெருங்கிப் படமெடுக்கும் ஆவலில் சேற்றில் இறங்குவோர் முழங்கால்வரை புதைவதோடு, பறவைகளை எழுப்பி அவற்றின் ஒரு வேளை உணவையும் கெடுக்கின்றனர். வலசைப் பறவைக்கு அந்த உணவு திரும்பிப் பறப்பதற்கான எரிபொருள். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, அதன் மறைவிலிருந்தே பார்ப்பது இருசாராருக்கும் நல்லது. டிரோனைப் பறக்கவிடுவது எவ்வகையிலும் கூடாது.

மரக்காணத்து உப்பளங்கள் கழுவெளியின் தொடர்ச்சியே. கடல்நீரைப் பாத்திகளில் படிப்படியாக மாற்றிக் கதிரவன் வெப்பத்தில் செறிவாக்கி உப்பு எடுக்கும் வேலை, தையில் பாத்தி திருத்துவதில் தொடங்கி அடுத்த மழை வரும்வரை நடக்கும். பாத்திகளுக்கு இடையிலான வரப்பில் அனுமதி பெற்று நடப்போர், அத்தொழிலாளர்கள் வெறுங்காலுடன் உவர்நீரில் நிற்பதையும் பவளக்கால் உள்ளான் அவர்களுக்குச் சில அடி தள்ளி அஞ்சாமல் மேய்வதையும் காண்பர். வெண்பரப்பின் எதிரொளி கண்ணைக் கூசச் செய்யும். குடையும் குடிநீரும் இன்றிக் காலை 10 மணிக்குமேல் அங்கே நிற்க இயலாது.

அலைவாய்க்கரை

கடற்குளியலுக்கு வங்கக் கடல் எளிய கடலன்று. கரையை ஒட்டியே ஆழம் கூடுவதும், உடைந்த அலையின் நீர் ஓரிடத்தில் திரண்டு கடலுக்குள் வேகமாகத் திரும்பும் இழுப்பு நீரோட்டமும் ஆண்டுதோறும் உயிர்களைப் பறிக்கின்றன. இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகவும் கலங்கலாகவும் தெரியும் நீர்ப்பட்டையே அந்த நீரோட்டம். பார்வைக்குப் பாதுகாப்பான இடமாகத் தோன்றுவதே அதன் கேடு. அதில் சிக்கியோர் கரையை நோக்கி நீந்திக் களைக்காமல் மிதந்து, கரைக்கு இணையாக விலகி, பின்னரே கரைசேர வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை கடலில் இறங்காதிருப்பதே அறிவுடைமை. மற்ற காலத்தில் உயிர்காப்பாளர் உள்ள இடங்களை, சான்றாக 2021இல் நீலக்கொடி என்னும் பன்னாட்டுத் தூய்மை, பாதுகாப்புச் சான்று பெற்ற புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரையை, நாடலாம். அலைச்சறுக்கு பழகுவோர் புதுச்சேரியின் வடபுறக் கரைகளில் பயிற்றுநரோடு மட்டுமே இறங்க வேண்டும். சொறிமீன் பட்டு எரிந்தால் நன்னீரில் கழுவாமல், தேய்க்காமல், கடல்நீராலேயே கழுவிவிட்டு மருத்துவரை நாட வேண்டும்.

குளிக்காதோருக்கும் கரையில் காண்பதற்கு நிரம்ப உண்டு. மணல்மேட்டைக் கட்டிக் காப்பவை அடப்பங்கொடியும் இராவணன் மீசையும். முள்போன்ற இலைகளையுடைய இராவணன் மீசைப் புல்லின் உருண்டைக் கதிர்கள் காற்றில் உருண்டோடி விதை பரப்பும். வளைநண்டு தோண்டிய மணலைச் சிறு உருண்டைகளாக வளைவாயிலில் அடுக்கியிருக்கும். அசையாமல் நின்றால் ஐந்து நிமிடத்தில் வெளியே வரும். சில நாட்களில் அலைக்கு அப்பால் ஓங்கில்களின் முதுகு தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் நாட்டுப்படகு மீனவர்களின் கரைவேலையை நெருங்கிக் காணலாம், ஆனால் வலையிழுப்போரைப் படமெடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி முட்டையிடும் சிற்றாமைக்கு மீனவர் வழக்கில் பங்குனி ஆமை என்று பெயர். பெண்ணாமை மணலில் குடம்போன்ற குழி தோண்டி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மூடி, உடலால் தட்டிச் சமன்செய்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. நாயும் மனிதனும் கவராதிருக்க வனத்துறையும் தன்னார்வலரும் முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகங்களுக்கு மாற்றுகின்றனர். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் நீலாங்கரையிலிருந்து இரவுநடை நடத்தி வருகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைக்குள் சிக்கி மூச்சுவிட மேலெழ முடியாமல் போவதே இத்தகைய சாவுகளுக்குப் பெரிதும் சொல்லப்படும் காரணம். குஞ்சுகள் அடிவானத்தின் ஒளியைக் கண்டே கடல் எத்திசை என அறிவதால், கைபேசி விளக்கை ஏந்திக் கரையில் உலவுவோர் தம்மை அறியாமலே அவற்றைச் சாலைப்பக்கம் திருப்பிவிடுகின்றனர். ஆமைநடைக்கு விரும்புவோர் அமைப்பு வழியாகவே செல்ல வேண்டும். தாமாகத் தேடிச் சென்று முட்டையைத் தொடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது.

தில்லைக்குச் செல்வோருக்கு

பஞ்சபூதத் தலங்களை முறையே தரிசிப்போர் தீத்தலமான திருவண்ணாமலையிலிருந்து ஆகாயத் தலமான சிதம்பரத்துக்குச் செல்வது வழக்கம்; அவர்களில் மிகச் சிலரே அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பிச்சாவரத்துக்குப் போகின்றனர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கடலின் ஏற்றவற்றத்தில் வேர்நனைந்து வளரும் அலையாத்திக்காடு அது. 2022இல் ராம்சார் தலமானது. வில்போல் வளைந்து நீரில் ஊன்றும் வேர்களையுடையது சுரபுன்னை. சேற்றிலிருந்து ஈட்டிபோல் மேல்நோக்கி எழுந்து மூச்சுவிடும் வேர்களையுடையது கண்டல். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லைமரமும் இக்காட்டினது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கக்கூடியது என்பதால் படகிலிருந்து கிளைகளை ஒடிக்கலாகாது. விசைப்படகு அகலமான கால்வாயில் மட்டும் சென்று திரும்பும். துடுப்புப் படகே குறுகிய ஓடைகளுக்குள் நுழையும், அதுவும் ஏற்றம் உள்ள நேரத்தில். ஆகவே சீட்டு வாங்குமுன் படகோட்டியிடம் அன்றைய ஏற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கேற்பச் சிதம்பரக் கோயில் தரிசனத்தை முன்னோ பின்னோ வைத்துக்கொள்ள வேண்டும்.